கிறிஸ்டோ போபோவின் தொடக்க ஆண்டுகள்: கசான் வெள்ளி முதல் ஹாங்சோ வரை

பின்கோடு எழுதியது:

2025 டிசம்பரில் ஹாங்சோவில் நடந்த பேட்மிண்டன் உலக டூர் இறுதிப் போட்டியில் பிரான்சின் கிறிஸ்டோ போபோவ் சீனாவின் ஷி யூச்சியை நேர் கேம்களில் வீழ்த்திப் பட்டம் வாங்கினார். அன்றிலிருந்து "யார் இந்தப் பையன், திடீர்னு எங்கிருந்து வந்தான்?" என்றுதான் எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். திடீரென்று வந்த ஆள் இல்லை அவர். ஜூனியர் நாட்களிலிருந்தே ஐரோப்பாவில் எல்லாரும் கவனித்துக்கொண்டிருந்தவர். அந்த ஆண்டுகளை ஒழுங்காகப் பேசத்தான் இந்த இழை.

அடிப்படை விவரம்: பிறந்தது 2002 மார்ச் 8, பல்கேரியாவின் சோஃபியாவில். அப்பா தோமஸ் போபோவ் பல்கேரிய ஆட்டக்காரர், பிறகு பயிற்சியாளர். கிறிஸ்டோ சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தது. மார்சேய்க்கு வடமேற்கே, துறைமுகமும் எஃகு ஆலையும் உள்ள ஃபோஸ்-சுர்-மேர் என்ற ஊர். அண்ணன் டோமா ஜூனியர் போபோவ் 1998 செப்டம்பரில் பிறந்தவர், தம்பியைவிட மூன்றரை வயது மூத்தவர். அண்ணன் வலது கை, தம்பி இடது கை.

2019இல் கசானில் உலக ஜூனியர் ஒற்றையரில் வெள்ளி. 2020இல் ஃபின்லாந்தின் லாஹ்தியில் ஐரோப்பிய ஜூனியர் ஒற்றையர் தங்கம். அதற்கும் ஹாங்சோவுக்கும் நடுவே ஐந்து வருடம். ஏன் அவ்வளவு காலம் பிடித்தது, அதில் எது இயல்பு, எது தடங்கல்? என் கேள்வி அதுதான்.

---

தெற்குக்காற்று எழுதியது:

நல்ல இழை. முதலில் பிரான்சில் ஒரு பிள்ளை வழக்கமாக எந்தப் பாதையில் மேலே வருகிறது என்று தெரிந்தால்தான் போபோவ் வீட்டுப் பாதை எங்கே பிரிந்தது என்று புரியும்.

அங்கே வயதுப் பிரிவுகள் இரண்டிரண்டு ஆண்டாகப் போகும். 9-10 வயது பூசான், 11-12 பெஞ்சமான், 13-14 மினிம், 15-16 கதே, 17-18 ஜூனியர். அதற்கும் கீழே உள்ள சின்னஞ்சிறுசுகள் மினிபாத். மாவட்ட அளவில் திரட்டுவார்கள், அதிலிருந்து வட்டார அளவு, பிறகு போல் எஸ்புவார் என்ற வட்டாரப் பயிற்சி மையம், அதற்கு மேல் போல் ஃபிரான்ஸ். உச்சியில் பாரிசின் வென்சென் காட்டுக்குள் இருக்கும் இன்செப். இன்செப் என்பது அரசு நிறுவனம். படிப்பு, தங்கும் விடுதி, மருத்துவம், மைதானம் எல்லாம் ஒரே வளாகத்தில். தேசிய அணியின் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் அங்கேதான் பயிற்சி எடுக்கிறார்கள்.

போபோவ் சகோதரர்கள் அந்த வளாகத்துக்குள் போய்த் தங்காமல் ஃபோஸில் அப்பாவிடமே பயிற்சி எடுத்து வளர்ந்தவர்கள். தேசிய அணிக்காக ஆடுவார்கள், முகாம்களில் கலந்துகொள்வார்கள். ஆனால் அன்றாடத் திட்டம் அப்பா கையில். பிரான்ஸ் மாதிரி எல்லாவற்றையும் மையத்தில் குவிக்கும் நாட்டில் இது அபூர்வம்.

இன்னொரு விவரமும் முக்கியம். பிரெஞ்சு உள்நாட்டுத் தரவரிசையில் பி12இலிருந்து தொடங்கி டி, ஆர் படிகளைத் தாண்டி என்1 வரை போகும். ஒவ்வொருவருக்கும் ஒற்றையர், இரட்டையர், கலப்பு என மூன்று தரம் உண்டு. ஒன்றில் உயர்ந்தால் மற்ற இரண்டும் அதற்கு இரண்டு படிக்குமேல் கீழே போக முடியாது. அதனால் ஒற்றையரில் மட்டும் பலமான பையன் தன் நிலைக்கு மேற்பட்ட இரட்டையர் பிரிவிலேயே ஆட வேண்டியிருக்கும். சின்ன வயதிலேயே இரட்டையரையும் பழகிக்கொள்ள இதுவே ஒரு காரணம். பிரெஞ்சு ஜூனியர்கள் சர்வீஸ் வாங்குவதிலும் முன்கோட்டு (வலையருகே ஆடும்) வேலையிலும் தடுமாறாமல் இருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

---

ஷட்டில்_ரசிகை எழுதியது:

கசான் இறுதியில் யாரிடம் தோற்றார்? 2020இல் உலக ஜூனியரில் ஏன் தங்கம் வாங்கவில்லை? வயது தாண்டிவிட்டதா?

---

பின்கோடு எழுதியது:

@ஷட்டில்_ரசிகை கசானில் எதிரே நின்றவர் குன்லவுத் விதித்சர்ன். தாய்லாந்துக்காரர். 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று முறை உலக ஜூனியர் ஒற்றையர் பட்டம் வாங்கியவர், பிறகு 2023இல் பெரியவர்களுக்கான உலக சாம்பியன். அவருக்கு அது கடைசி ஜூனியர் ஆண்டு, கிறிஸ்டோவுக்கு இன்னும் ஒரு ஆண்டு மிச்சம். அதனால் அந்த வெள்ளியைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

வயது தாண்டவில்லை. 19 வயதுக்குட்பட்டோர் பிரிவு பிறந்த ஆண்டை வைத்துத்தான். 2002இல் பிறந்தவர் 2020 முழுக்க ஆடலாம். ஆனால் 2020 உலக ஜூனியர் ஆக்லாந்தில் நடக்க இருந்தது, கொரோனாவால் முதலில் தள்ளிப்போய்ப் பிறகு ரத்தானது. 2021இல் செங்டுவில் நடக்க இருந்ததும் ரத்து. குன்லவுத் போன பிறகு, முந்தைய ஆண்டின் இறுதியாட்டக்காரர் என்ற நிலையில், அந்த ஆண்டு கிறிஸ்டோவுடையதாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு. லாஹ்தியில் ஐரோப்பிய ஜூனியர் மட்டும் எப்படியோ நடந்துவிட்டது.

---

செவ்வாய்க்கிழமை எழுதியது:

இந்த ஐந்து வருடக் கேள்விக்குப் பாதி விடை புள்ளிக் கணக்கில் இருக்கிறது. ஜூனியரை முடித்த பையன் பெரியவர் தரவரிசையில் எப்படி ஏறுகிறான் என்று பார்ப்போம்.

உலகத் தரவரிசை ஒவ்வொரு செவ்வாயும் வரும். கடந்த 52 வாரங்களில் ஆடிய போட்டிகளில் சிறந்த 10 முடிவுகளின் கூட்டுத்தொகை. போட்டிகளுக்குத் தரப் படிகள் உண்டு. கீழ்ப் படியிலிருந்து மேல் படி வரை, பட்டம் வாங்கினால் கிடைப்பது: ஃபியூச்சர் சீரிஸ் 1,700. இன்டர்நேஷனல் சீரிஸ் 2,500. இன்டர்நேஷனல் சேலஞ்ச் 4,000. சூப்பர் 100 என்றால் 5,500. சூப்பர் 300 என்றால் 7,000. சூப்பர் 500க்கு 9,200. சூப்பர் 750க்கு 11,000. சூப்பர் 1000க்கு 12,000.

இப்போது கீழிருந்து பாருங்கள். சூப்பர் 300 முதன்மைச் சுற்றில் நுழைந்து முதல் ஆட்டத்திலேயே தோற்றால் 1,670. அதாவது ஃபியூச்சர் சீரிஸில் ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கோப்பை தூக்கியவனுக்கும், பெரிய போட்டியில் ஒரு ஆட்டம் தோற்றவனுக்கும் வித்தியாசம் 30 புள்ளி. சூப்பர் 300இல் ஒரு ஆட்டம் ஜெயித்தால் 2,750, அது இன்டர்நேஷனல் சீரிஸ் பட்டத்தைவிடவே அதிகம். சூப்பர் 500இல் முதல் சுற்றுத் தோல்விக்கே 2,220.

ஆக, கடினமான படி என்பது ஆட்டம் ஜெயிப்பதல்ல, உள்ளே நுழைவது. சூப்பர் 300 முதன்மைச் சுற்று 32 பேர். அதில் 28 பேர் தரவரிசைப்படி நேரடியாக, 4 பேர் தகுதிச்சுற்று வழியாக. விண்ணப்பத்துக்கு எடுத்துக்கொள்ளும் தரவரிசை போட்டிக்குப் பல வாரம் முன்னால் வெளியானது. இன்றைக்கு நீங்கள் நன்றாக ஆடினாலும் அதன் பலன் அடுத்த மாதத்துக்கு மேல்தான் தெரியும்.

இதில் இளம் ஆட்டக்காரர்கள் செய்யும் வழக்கமான தப்பு ஒன்று உண்டு. சின்னப் போட்டிகளாகத் தேர்ந்தெடுத்து அடுத்தடுத்து ஜெயிப்பார்கள். பத்து ஃபியூச்சர் சீரிஸ் பட்டம் சேர்த்தாலும் 17,000தான். ஐந்து சூப்பர் 300 கால் இறுதி (ஒன்றுக்கு 3,850) என்றால் 19,250, இன்னும் ஐந்து இடம் காலியாக இருக்கும். இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு: தரவரிசை இடம் கொடுக்கிறதே என்று பெரிய போட்டிகளுக்கு மட்டும் போய், முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பி, மாதத்துக்கு இரண்டே ஆட்டம் ஆடி, ஆட்டப் பழக்கத்தையே இழப்பது. இரண்டையும் கலக்க வேண்டும். மூன்று வாரம் பெரிய போட்டி, நடுவில் ஒரு இன்டர்நேஷனல் சேலஞ்ச் என்று போனால் அந்த வாரம் நான்கைந்து ஆட்டம் கிடைக்கும்.

கொரோனா இங்கேதான் இந்தத் தலைமுறையைத் தாக்கியது. 2020 மார்ச்சில் ஆல் இங்கிலாந்து போட்டி முடிந்ததும் டூர் நின்றது, தரவரிசையும் உறைந்தது. பழைய புள்ளிகள் காலாவதி ஆகாததால் மேலே இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சரியாக ஏற வேண்டிய 18 வயதில் கிறிஸ்டோவுக்குப் படியே இல்லை.

---

வலைக்கோடு எழுதியது:

கணக்கு சரி அண்ணா. ஆனா இதே கொரோனாவைக் கடந்துதானே மத்தவங்களும் வந்தாங்க? கிறிஸ்டோ தாமதமானதுக்கு இரட்டையர்தான் காரணம்னு நெனைக்கிறேன். அண்ணன்கூட இரட்டையர், அதே வாரம் ஒற்றையர். உலகத்துல முதல் வரிசையில இப்படி ரெண்டும் ஆடுறவங்க எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிடலாம். ஒரே நாள்ல 70 நிமிஷ ஒற்றையர் ஆட்டம், மூணு மணி நேரம் கழிச்சு இரட்டையர். அடுத்த நாள் கால் இறுதியில கால் நகராது. இதை 19 வயசுலயே விட்டிருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருப்பார்.

---

தெற்குக்காற்று எழுதியது:

@வலைக்கோடு ஒத்துக்கொள்ள மாட்டேன். உடல் சுமை உண்மைதான். ஆனால் இரட்டையர் அவருக்கு என்ன கொடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

அவருடைய ஒற்றையர் ஆட்டத்தில் தனித்துத் தெரிவது வலைக்கு முன்னால் வரும் வேகம். எதிராளி வலையருகே கொஞ்சம் உயரமாக வைத்தாலும் கொன்றுவிடுகிறார். ஸ்மாஷ் (பலமாகக் கீழ்நோக்கி அடிக்கும் அடி) அடித்துவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பதில்லை, அடித்த காலோடு முன்னால் வந்துவிடுகிறார். இது இரட்டையர் முன்கோட்டில் பழகும் வேலை. அதேபோல தட்டையான டிரைவ் பரிமாற்றம். ஒற்றையர் மட்டுமே ஆடி வளர்ந்தவர்கள் உடம்புக்கு நேரே வரும் பந்தில் தடுமாறுவார்கள், ராக்கெட்டைக் கீழே தொங்கவிட்டுக் காத்திருப்பார்கள். இவர் ராக்கெட்டை மார்பு உயரத்துக்குக் கீழே இறக்குவதே அபூர்வம்.

பிரான்சின் இந்தத் தலைமுறைக்கே இது பொது. டோமா 2017 மூலூஸ் ஐரோப்பிய ஜூனியரில் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். இரட்டையர் துணை டோம் ஜிக்கேல். அதே ஜிக்கேல் இன்று டெல்ஃபின் டெல்ருவோடு கலப்பு இரட்டையரில் உலகின் முன்னணி ஜோடிகளில் ஒன்று, 2025 பாரிஸ் உலகப் போட்டியில் வெண்கலம்.

---

செவ்வாய்க்கிழமை எழுதியது:

இரட்டையர் விஷயத்தில் ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றையரில் முதல் 15 இடத்திலும் இரட்டையரில் முதல் 10 ஜோடிகளிலும் இருப்பவர்கள் சூப்பர் 1000, சூப்பர் 750 எல்லாவற்றிலும், சூப்பர் 500இல் இரண்டிலும் கட்டாயம் ஆட வேண்டும். அந்த உயரத்துக்குப் போன பிறகு இரண்டையும் சேர்த்துச் சுமப்பதுதான் கஷ்டம். அதற்குக் கீழே இருக்கும்வரை எந்த வாரம் எதை ஆடுவது என்பது ஆட்டக்காரர் முடிவு. எனவே 19-20 வயதில் இரட்டையரை விட வேண்டிய கட்டாயமே இல்லை. இளம் வயதில் செலவுக் கணக்கிலும் அது லாபம்: ஒரே விமானச் சீட்டு, ஒரே ஓட்டல் அறை, இரண்டு பிரிவில் ஆட்டம்.

---

இடக்கை எழுதியது:

யாருமே இடது கையைப் பற்றிப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். ஜூனியரில் இடக்கைக்காரர்கள் அதிகமாக ஜெயிப்பது தற்செயல் இல்லை. காரணம் கோணம்.

இரண்டு வலக்கைக்காரர்கள் ஆடும்போது சிக்கலில் மாட்டியவர் யோசிக்காமல் செய்வது, எதிராளியின் பேக்ஹேண்ட் (ராக்கெட் பிடிக்காத கைப்பக்க) மூலைக்கு உயரமாகத் தூக்கிவிடுவது. அடிப்பவரின் வலப்பக்கப் பின்மூலை அது. பத்து வருடம் பழகிய கை அங்கேதான் அடிக்கும். எதிரே இடக்கை ஆள் நின்றால் அதே மூலை அவருக்கு ஃபோர்ஹேண்ட், அதாவது ராக்கெட் பிடித்த கைப்பக்கம். பாதுகாப்பு என்று தூக்கிய பந்து நேராகக் கொலைக்களத்தில் விழும். அங்கிருந்து அவர் குறுக்காக அடித்தால் வலக்கைக்காரரின் பேக்ஹேண்டுக்கு. நேராக அடித்தால் ஃபோர்ஹேண்ட் கோட்டோரம். இரண்டும் ஒரே கை அசைவில் வரும்.

அடுத்தது பந்தின் சுழற்சி. 16 இறகுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஒரே பக்கமாகப் படிந்திருப்பதால் பந்து இயல்பாகவே ஒரு திசையில் சுழலும். ஸ்லைஸ் (பந்தைச் சாய்வாக வெட்டி அடிப்பது) அடிக்கும்போது அந்தச் சுழற்சியோடு சேர்த்து வெட்டுகிறோமா, எதிர்த்து வெட்டுகிறோமா என்பதைப் பொறுத்துப் பந்து விழும் விதம் மாறும். வலக்கையின் சாதாரண ஸ்லைஸும் இடக்கையின் சாதாரண ஸ்லைஸும் எதிரெதிர்த் திசை. அதனால் இடக்கை டிராப் (வலையை ஒட்டி விழவைக்கும் மெல்லிய அடி) வலைக்குப் பின் விழும் இடம் பழகிய கண்ணுக்கு ஒரு அடி தள்ளி இருக்கும். வலையருகே சுழற்றி வைக்கும் பந்திலும் இதே கதை.

ஆனால் இந்த அனுகூலம் ஜூனியரில்தான் பெரிது. மேலே போனால் எல்லாருடைய பயிற்சிக் கூட்டத்திலும் ஒரு இடக்கை ஆள் இருப்பார். சீனாவின் இடக்கை ஜாம்பவான் லின் டானைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. ஜூனியரில் கோணத்தால் மட்டும் ஜெயித்தவர்கள் 20 வயதில் அப்படியே நின்றுவிடுவதைப் பார்க்கலாம். கிறிஸ்டோ நிற்கவில்லை என்பதுதான் அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது.

---

வலைக்கோடு எழுதியது:

@இடக்கை அருமை. அப்போ இடது-வலது இரட்டையர் ஜோடிக்கும் இது பலம்தானே?

---

இடக்கை எழுதியது:

பலமும் உண்டு, தொல்லையும் உண்டு. தடுப்பாட்டத்தில் இருவரும் பக்கம் பக்கமாக நிற்கும்போது கிறிஸ்டோ வலப்பக்கமும் டோமா இடப்பக்கமும் இருந்தால் இருவரின் ஃபோர்ஹேண்டும் நடுவில். நடுவே வரும் பந்துக்கு இரண்டு ராக்கெட்டும் பாயும். இடம் மாறி நின்றால் நடுவில் இரண்டு பேக்ஹேண்ட், கோட்டோரங்களில் ஃபோர்ஹேண்ட். வலது-வலது ஜோடியில் "நடுப்பந்து இடப்பக்கத்து ஆளுக்கு" என்று ஒரே விதி போதும். இங்கே நிற்கும் இடத்தைப் பொறுத்து விதி மாறும். குறுக்கே இருப்பவர் எடுக்க வேண்டும் என்று முன்னமே பேசிவைப்பது வழக்கம்: அதாவது ஸ்மாஷ் வரும் மூலைக்குக் குறுக்குப் பக்கம் நிற்பவர் நடுவை எடுப்பார், நேர் எதிரே நிற்பவர் கோட்டைக் காப்பார். இது சரியாகப் படிய ஆண்டுகள் ஆகும். சிறுவயதிலிருந்து ஒரே வீட்டில் ஒரே மைதானத்தில் ஆடியவர்களுக்கு அது பேசாமலே வரும்.

தாக்குதலில் முழு லாபம். பின்கோட்டின் இரண்டு மூலையிலும் யாராவது ஒருவருக்கு ஃபோர்ஹேண்ட் இருக்கும். எதிரணிக்குத் தூக்கிவிட ஒரு பலவீனமான மூலையே கிடைக்காது.

---

ஷட்டில்_ரசிகை எழுதியது:

அப்பாவிடம் பயிற்சி, அண்ணனோடு ஆட்டம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தினமும் ஒரே ஆளோடு ஆடினால் அவர் ஆட்டம் மட்டும்தானே பழகும்?

---

தெற்குக்காற்று எழுதியது:

சரியான கேள்வி. குடும்பப் பயிற்சிகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஒரே துணையோடு ஆடினால் அவர் தோள் திரும்புவதைப் பார்த்தே பந்து எங்கே வரும் என்று தெரிந்துவிடும். கால் சீக்கிரம் நகரும், வேகம் கூடியது போலத் தோன்றும். வெளியே போனால் அந்த வேகம் காணாமல் போகும். அப்பா பயிற்சியாளராக இருந்தால் இன்னொரு ஆபத்து: திருத்த வேண்டிய குறை வீட்டுக்குள் எல்லாருக்கும் பழகிப்போய்க் கண்ணில் படாது.

போபோவ் வீட்டில் இது ஏன் சிக்கலாகவில்லை என்று பார்த்தால் மூன்று விஷயம் தெரிகிறது. முதலாவது, அண்ணன் மூன்றரை வயது மூத்தவர், வேறு கை. அண்ணன் 2017இல் ஐரோப்பிய ஜூனியர் சாம்பியன் ஆனபோது தம்பிக்கு 15. கதே வயதில் தினசரித் துணையாக ஐரோப்பாவின் சிறந்த ஜூனியர் கிடைப்பது எந்த மையத்திலும் அமையாது. 2022 ஓர்லியான் மாஸ்டர்ஸில் டோமா பட்டம் வாங்கினார், இறுதியில் நம்ம மிதுன் மஞ்சுநாத்தை வென்று. தம்பி எதிர்கொண்டு வளர்ந்த தரம் அது.

இரண்டாவது, ஐரோப்பாவின் நெருக்கம். டச்சு ஜூனியர் ஹார்லமில், ஜெர்மன் ஜூனியர் பெர்லினில், பிறகு பெரியவர்களுக்கு ஆஸ்திரியா, போலந்து, பெல்ஜியம், அயர்லாந்து, வேல்ஸ், போர்ச்சுகல் என்று வருடம் முழுக்கப் போட்டி. ரயிலிலோ சில மணி நேர விமானத்திலோ போய்விடலாம். டேனிஷ், டச்சு, ஜெர்மன் என்று விதவிதமான ஆட்டம் வாராவாரம் எதிரே நிற்கும். இதில் ஆசிய ஜூனியரைவிட ஐரோப்பியருக்கு வசதி அதிகம்.

மூன்றாவது, கிளப் லீக். பிரான்சின் உயர் பிரிவு டாப் 12. கிளப்புகள் வெளிநாட்டவரையும் சேர்க்கும். 16-17 வயதுப் பையன் ஒரு சனிக்கிழமை மாலையில் உலகத் தரவரிசையில் 60ஆவது இடத்துக்காரரோடு, சொந்த ஊர் ஆட்கள் கத்திக்கொண்டிருக்க, அணிக்காக ஆட வேண்டியிருக்கும். ஜூனியர் போட்டியில் இந்த அழுத்தம் வராது.

இதையெல்லாம் கழித்துவிட்டு "அப்பா பயிற்சி கொடுத்தால் போதும்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தோமஸ் போபோவ் தேர்ந்த பயிற்சியாளர்.

---

பின்கோடு எழுதியது:

எதிர்ப்பக்கத்துக்கு இன்னொரு பிரெஞ்சு ஆட்டக்காரர் அலெக்ஸ் லானியே இருக்கிறாரே. 2005இல் பிறந்தவர், இன்செப் பாதையில் வந்தவர். 2024 ஆகஸ்டில் யோகோஹாமாவில் ஜப்பான் ஓப்பன், சூப்பர் 750, இறுதியில் தைவானின் சௌ தியென்-சென்னை வென்றார். வயது 19. 2025இல் ஹோர்சென்ஸில் ஐரோப்பிய சாம்பியன். மையப் பாதை வேகமானது என்று இதை வைத்துச் சொல்லலாமா?

---

தெற்குக்காற்று எழுதியது:

சொல்லலாம், ஆனால் ஒன்றுக்கு ஒன்று உதாரணம்தான். லானியேவின் 17-19 வயது கொரோனாவுக்குப் பிறகு வந்தது, டூர் முழுசாக ஓடிய காலம். கிறிஸ்டோவின் 18-19 வயது 2020-21. இந்த மூன்று வருட வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பிடுவது நியாயமில்லை.

அதோடு லானியே வந்தபோது மைதானம் தயாராக இருந்தது. 2015 முதல் சில ஆண்டுகள் டென்மார்க்கின் முன்னாள் ஆட்டக்காரர் பீட்டர் கேட் பிரெஞ்சுக் கூட்டமைப்பில் வேலை செய்தார். பாரிஸ் ஒலிம்பிக்கை முன்வைத்துப் பணமும் ஆளும் வந்தது. ஆடவர் ஒற்றையரில் டோமா, கிறிஸ்டோ, 2018 ஐரோப்பிய ஜூனியர் சாம்பியன் ஆர்னோ மெர்க்ளே என்று ஏற்கெனவே ஒரு வரிசை இருந்தது. அதற்கு முன் உலகப் போட்டிப் பதக்கம் என்று பிரான்சுக்கு நினைவிருந்தது 2009இல் ஹைதராபாத்தில் பி ஹோங்யான் வாங்கிய மகளிர் ஒற்றையர் வெண்கலம்தான்.

என் தீர்ப்பு: இரண்டு பாதையும் ஒரே அணிக்குள் இருப்பதுதான் பிரான்சின் பலம். கூட்டமைப்பு போபோவ் குடும்பத்தை "இன்செப்புக்கு வந்தால்தான் அணி" என்று மூலையில் தள்ளியிருந்தால் ஒரு உலக டூர் சாம்பியனை இழந்திருக்கும்.

---

கோர்ட்_நாலு எழுதியது:

நம்ம ஊர்ப் பிணைப்பு ஒன்றைச் சொல்கிறேன். சென்னையின் சங்கர் முத்துசாமியும் உலக ஜூனியர் வெள்ளிதான், 2022 சான்டான்டர். அவரும் இடக்கை. அவரும் சிறுவயதிலிருந்து ஒரே பயிற்சியாளரிடம், அரவிந்தன் சாமியப்பனிடம், சென்னையிலேயே வளர்ந்தவர். பெரிய மையங்களுக்கு இடம் மாறாமல்.

இருவரும் 2025 மார்ச்சில் பாசலில் ஸ்விஸ் ஓப்பன் கால் இறுதியில் மோதினார்கள். அதற்கு முந்தைய சுற்றில் சங்கர் டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஆண்டன்சனை 18-21, 21-12, 21-5 என்று கவிழ்த்திருந்தார். மறுநாள் கிறிஸ்டோ 21-10, 21-14 என்று முடித்துவிட்டார்.

---

இடக்கை எழுதியது:

@கோர்ட்_நாலு அந்த ஆட்டத்தை மறுபடி பாருங்கள். இடக்கைக்கு இடக்கை எதிரே நின்றால் இருவருடைய பழக்கமும் உடையும். வலக்கைக்காரரின் பேக்ஹேண்டுக்கு என்று ஆயிரக்கணக்கில் அடித்துப் பழகிய குறுக்கு ஸ்மாஷ் இப்போது எதிராளியின் ஃபோர்ஹேண்டில் போய் விழும். இதை யார் வேகமாகத் திருத்திக்கொள்கிறாரோ அவருக்கே ஆட்டம். சங்கரின் பலம் நீண்ட ரேலி, பொறுமை, எதிராளியை ஓடவிட்டுக் களைக்க வைப்பது. ஆண்டன்சனிடம் மூன்றாவது கேமில் 21-5 வந்தது அதனால்தான். கிறிஸ்டோ ரேலியை நீளவே விடவில்லை. சர்வீஸுக்கு அடுத்த மூன்று நான்கு அடிக்குள் வலைக்கு வந்து பந்தைக் கீழே தள்ளினார். மேலே தெற்குக்காற்று சொன்ன இரட்டையர்க் கை இதுதான்.

---

வலைக்கோடு எழுதியது:

சரி, பணக் கணக்கு யாராவது சொல்லுங்களேன். 18 வயசுப் பையனுக்கு இந்த வாழ்க்கை எப்படிக் கட்டுபடியாகுது?

---

செவ்வாய்க்கிழமை எழுதியது:

பரிசுப் பணத்தால் கட்டுபடியாகாது. ஃபியூச்சர் சீரிஸில் பரிசே கிடையாது, நுழைவுக் கட்டணம் நாம்தான் கட்ட வேண்டும். சூப்பர் 300ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2025இல் மொத்தப் பரிசு 2,40,000 டாலர். ஒற்றையர் சாம்பியனுக்கு அதில் 7.5 சதவீதம், 18,000. இறுதியில் தோற்றவருக்கு 9,120. அரை இறுதிக்கு 3,480. கால் இறுதிக்கு 1,440. இரண்டாம் சுற்றில் தோற்றால் 840. முதல் சுற்றில் தோற்றால் ஒன்றும் இல்லை. வரியும் பயணமும் கழித்தால் கால் இறுதிக்காரர் கையைக் கடிக்காமல் வீடு திரும்புவார், அவ்வளவுதான். பயிற்சியாளரையும் கூட்டிப் போனால் அதுவும் இல்லை.

அதனால் ஐரோப்பிய இளைஞர்கள் நிற்பது வேறு கால்களில்: கிளப் லீக் ஒப்பந்தம், கூட்டமைப்பு ஏற்கும் பயணச் செலவு, ராக்கெட் நிறுவனத்தின் பொருளுதவி. கம்பியும் உடையும் காலணியும் இலவசமாக வந்தாலே பெரிய சுமை குறையும். இந்த அளவில் ஆடுபவர் ஒரு போட்டிக்கு நான்கைந்து ராக்கெட் கொண்டுபோவார், 28 பவுண்டுக்கு மேல் இழுத்துக் கட்டிய கம்பி வாரத்தில் பலமுறை அறும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெரியவர்களைப் பார்த்து 13-14 வயதுப் பிள்ளைகளுக்கும் 28 பவுண்டு கட்டிக் கொடுக்கிறார்கள். அந்த இழுவையில் பந்து நன்றாகப் போகும் இடம் ராக்கெட் நடுவில் சின்ன வட்டமாகச் சுருங்கிவிடும். வளரும் தோளும் முழங்கையும் அந்த அதிர்ச்சியை வாங்கும். 22-24 போதும்.

---

ஷட்டில்_ரசிகை எழுதியது:

கடைசியாக ஒன்று. ஹாங்சோ பட்டத்துக்குத் தகுதி பெறுவதே கடினம் என்கிறார்களே, அது தரவரிசைப்படியா?

---

செவ்வாய்க்கிழமை எழுதியது:

உலகத் தரவரிசை இல்லை. அந்த ஆண்டு உலக டூர் போட்டிகளில் மட்டும் சேர்த்த புள்ளிகளுக்குத் தனிப் பட்டியல். அதில் முதல் எட்டுப் பேர், ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் இருவர். நான்கு நான்காக இரண்டு குழு, ஒவ்வொரு குழுவிலும் எல்லாரும் எல்லாரோடும், பிறகு அரை இறுதி. ஐந்து நாளில் ஐந்து ஆட்டம், எதிரே வருபவர் எல்லாருமே முதல் வரிசை. சாதாரணப் போட்டி மாதிரி முதல் இரண்டு சுற்றில் கையைச் சூடாக்கிக்கொள்ள நேரமில்லை. இறுதியில் எதிரே நின்ற ஷி யூச்சி அதே ஆண்டு ஆகஸ்டில் பாரிசில் குன்லவுத்தை வென்று உலக சாம்பியன் ஆனவர்.

அடுத்த 52 வாரத்துக்கு இந்தப் பட்டத்தின் புள்ளி கிறிஸ்டோ கணக்கில் நிற்கும், சூப்பர் 1000, 750 எல்லாவற்றிலும் விதைப்பட்டியலில் (முன்னணி ஆட்டக்காரர்கள் ஆரம்பச் சுற்றுகளில் ஒருவரோடொருவர் மோதாமல் பிரித்து வைக்கும் பட்டியல்) இடம் கிடைக்கும். முதல் சுற்றிலேயே முதல் எட்டுப் பேரைச் சந்திக்கும் ஆபத்து இனி இல்லை. கால் இறுதிகள் வழக்கமாகிவிட்டால் இரட்டையரை எத்தனை வாரம் ஆடுவது என்ற முடிவை அந்தக் குடும்பம் எடுத்தே ஆக வேண்டும்.